எண்ணூறு கிலோ எதுக்கு?

ரிப்பேரா? ஐயய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். ரெக்கை ரெண்டும் இருக்கு, இஞ்சின் ரெண்டும் ஓடுது. அந்தப் பொண்ணு மைக்ல சொன்னது காதுல விழலியா? பாரம் கூடிப்போச்சு, இப்போ இறங்க முடியாது, கொஞ்ச நேரம் வட்டமடிச்சிட்டு இறங்கறோம்னு சொன்னாளே. அவ்ளோதான். நீங்க முதல்ல அந்தக் கைப்பிடியை விடுங்க. அதுல பாதி எனக்கும் சொந்தம்.

சிரிச்சீங்களே, அது போதும். ஏறினதுலேர்ந்து மூஞ்சியை உர்ருனு வச்சிக்கிட்டு வந்தீங்க. போதாக்குறைக்கு உங்க கோட்டுக்குள்ளேர்ந்து டிக் டிக்னு ஒரு சத்தம் வேற. என்னடா இது, பாக்க மரியாதையான மனுஷனா இருக்காரு, பாக்கெட்ல என்னத்தைக் கட்டிக்கிட்டு வந்திருக்காரோன்னு... கடியாரமா? எடுங்க பாப்போம். அம்மாடி, பித்தளையா! ரெண்டு கிலோ இருக்கும் போலிருக்கே. பையில வச்சா எடை கூடுதுன்னு கவுண்டர்ல சொன்னாங்க, நீங்க கோட் பாக்கெட்டுக்கு மாத்திட்டீங்க. பலே. பையில இருந்தாத்தான் பாரம், பாக்கெட்ல இருந்தா பாரமில்ல. விமானத்துக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது.

சும்மா சொன்னேன் சார், கோவிச்சுக்காதீங்க. ரெண்டு கிலோவுல ஒண்ணும் ஆயிடாது. ஆளுங்களையே நாங்க தனித்தனியா எடை போடறதில்ல. ஆம்பளைன்னா இவ்ளோ, பொம்பளைன்னா இவ்ளோன்னு ஒரு சராசரி போட்டுக் கூட்டிடுவோம். உங்களுக்கு எண்பத்தஞ்சு கிலோ. நேர்ல பாத்தா... சரி விடுங்க. நல்லா இருங்க.

கடியாரம் யாருக்கு? கல்யாணப் பரிசா! தம்பிக்கா? உங்க தம்பின்னா அவருக்கு வயசு... அம்பத்தெட்டா! அடேயப்பா. சந்தோஷம் சார், நிஜமாத்தான் சொல்றேன். பன்னெண்டு மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல, நீங்கதான் சாட்சிக் கையெழுத்தா? அதான் நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடியாரத்தைப் பாத்துக்கிட்டே வரீங்க. பாக்கெட்ல ஒண்ணு, கையில ஒண்ணு. நேரத்துக்குப் போகலேன்னா ஊர் சிரிச்சிடும்.

இந்த வயசுல உனக்கு எதுக்குடா கல்யாணம்னு மூணு மாசம் பேசாம இருந்துட்டு, முந்தாநாள் மனசு மாறினீங்களா? பாவம் அவரு. இன்னைக்கும் அண்ணன் வரலேன்னா, வேணும்னேதான் வரலேன்னு நினைச்சுக்குவாரே. சரி சரி, மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. போய்ச் சேந்துடலாம். கணக்குத்தான் கொஞ்சம் இடிக்குது.

எனக்கு எப்படித் தெரியுமா? என் பொழைப்பே அதுதான் சார். இருபத்தாறு வருஷமா இதே கம்பெனி. ஜன்னல் இல்லாத ரூம், ஆளுக்கு நாலு கம்ப்யூட்டர், குளிருல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். ஒவ்வொரு ஃப்ளைட்டும் கிளம்பறதுக்கு முன்னாடி எத்தனை பேர், எவ்ளோ சரக்கு, காத்து எந்தப் பக்கம், எவ்ளோ எண்ணெய் ஊத்தணும், இறங்கும்போது என்ன எடை இருக்கும், எல்லாத்தையும் கணக்குப் போட்டு பைலட்டுக்கு அனுப்பணும். எண்ணெய்னுதான் நாங்க சொல்றது. நீங்க பெட்ரோல்னு வச்சுக்குங்க, ஒண்ணும் குத்தமில்ல.

தூக்கிட்டுப் பறக்கத் தெரிஞ்சதுக்கு இறங்கத் தெரியாதான்னு கேக்கறீங்க. எல்லாரும் கேக்கறதுதான். நீங்க ஒரு மூட்டை சிமெண்டைத் தோள்ல ஏத்திக்கிட்டு நடந்துடுவீங்க, இல்லையா? அதே மூட்டையோட ஒரு ஸ்டூல் மேலேர்ந்து குதிங்க பாப்போம். முட்டி என்ன ஆகும்? அதே கதைதான். கிளம்பும்போது இவ்ளோ எடை இருக்கலாம்னு ஒரு அளவு, இறங்கும்போது இவ்ளோதான் இருக்கணும்னு இன்னொரு அளவு. ரெண்டாவது அளவு சின்னது. நடுவுல இருக்கற வித்தியாசத்தை வழியில எரிச்சுத் தீர்த்துடணும்.

இன்னைக்கு எரியல. அதான் கோளாறு. எதிர்க்காத்து அடிக்கும்னு கணக்குல இருந்துச்சு, ஆனா பின்னாலேர்ந்து தள்ளிவிட்டுடுச்சு. பத்தாததுக்கு கீழேர்ந்து வழி சொல்ற கன்ட்ரோல்காரங்க வேற, வாங்க வாங்க, சுத்த வேண்டாம், நேராவே வாங்கன்னு குறுக்கு வழி குடுத்துட்டாங்க. இருபது நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம். சீக்கிரம் வந்ததாலதான் இப்போ இறங்க முடியாம சுத்திக்கிட்டிருக்கோம். இப்படி ஒரு கூத்தை நீங்க எங்கயாவது கேட்டிருக்கீங்களா?

சரியாச் சொன்னீங்க. காத்து மாறும்னு தெரியாதா, கொஞ்சம் இடம் விட்டுக் கணக்குப் போடக் கூடாதான்னு. அதைத்தான் சார் நானும் சொல்றேன்! எப்பவும் தொள்ளாயிரம் கிலோவாவது இடம் விட்டுத்தான் போடுவாங்க. இன்னைக்கு இந்தக் கணக்கைப் போட்டவ நூறு கிலோதான் விட்டிருக்கா. எண்ணூறு கிலோ எண்ணெயைக் கூட ஊத்தச் சொல்லிட்டா. யாரா? எங்க ஆபீஸ்லதான் ஒருத்தி. கால் கிலோன்னு பேரு அவளுக்கு.

பட்டப்பேருதான். கால் கிலோ கூடினாலும் கணக்குக் கேப்பான்னு கேப்டனுங்க வச்சது. ஒரு ஐந்நூறு கிலோ கூட ஊத்தட்டுமான்னு யாராவது கேட்டாப் போதும், ஏன், எதுக்கு, காரணம் சொல்லுங்கன்னு உயிரை எடுத்துடுவா. எண்ணெயே எடைதான், எடையைத் தூக்கிட்டுப் போக இன்னும் எண்ணெய் வேணும், சும்மா சும்மா தூக்கிட்டுத் திரியறதுக்கு இது என்ன மூட்டை முடிச்சான்னு கேப்பா. பெரிய பெரிய கேப்டனெல்லாம் போன்ல அவ குரலைக் கேட்டா, சரிம்மா, நீங்க போட்டதே போதும்னு வச்சிடுவாங்க. அப்படிப்பட்ட மகராசி இன்னைக்கு யாரும் கேக்காமலே எண்ணூறு கிலோவைத் தூக்கிக் குடுத்திருக்கா. புத்தி கெட்டவ. முட்டாள்னா முட்டாள், வடிகட்டின முட்டாள்.

நானா? பக்கத்து டேபிள்தான். அதனாலதான் இவ்ளோ விவரம் தெரியுது. காபி வேணுமான்னு அந்தப் பணிப்பெண் கேக்கறா பாருங்க. வேண்டாமா? எனக்கும் வேண்டாம்மா. அவ எதுக்கு என்னைப் பாத்துக் கண்ணடிக்கறாங்கறீங்களா? ஒரே கம்பெனி இல்லையா, தெரிஞ்ச பொண்ணு. நீங்க எல்லாத்தையும் கவனிக்கறீங்க சார். தம்பி கல்யாணத்தை மட்டும் மூணு மாசம் கவனிக்காம விட்டுட்டீங்க.

பேனா இருக்கா? குடுங்க, இந்த போர்டிங் பாஸ் பின்னாடி போட்டுக் காட்டறேன். கீழே இறங்கும்போது எரியப்போறதைக் கழிச்சும் இப்போ நாம அறுநூறு கிலோ கூட இருக்கோம். நிமிஷத்துக்கு நாப்பது கிலோ எரியும். பதினஞ்சு நிமிஷம். அப்புறம் கீழே இறங்க ஒரு பன்னெண்டு நிமிஷம். மணி என்ன உங்க பித்தளையில? பத்து இருபதா? அப்போ பத்து நாப்பத்தேழு.

நல்லதாப் போச்சுன்னு அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க. இந்த ஊர்ல ஒரே ஒரு ரன்வேதான். பத்தே முக்காலுக்கு அதை மூடி ரிப்பேர் வேலை ஆரம்பிப்பாங்க. பத்து நாள் முன்னாடியே சொல்லிட்டாங்க. மூடினா நாலு மணி நேரம் திறக்க மாட்டாங்க. ரெண்டே ரெண்டு நிமிஷம் சார். ரெண்டு நிமிஷத்துல தவறினா வேற ஊருக்குப் போய்த்தான் இறங்கணும். உங்க தம்பி அங்க பேனாவைப் பிடிச்சுக்கிட்டு வாசலைப் பாத்துக்கிட்டே நிப்பாரு.

பாரத்தோடயே இறங்கிடலாம், உயிருக்கு ஆபத்துன்னா இறங்குவாங்க. ஆனா அப்புறம் விமானத்தை ஓரமா நிறுத்தி, சக்கரம், ரெக்கை எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பரிசோதிக்கணும், ஏன் இறக்கினேன்னு எழுதிக் குடுக்கணும். உங்க தம்பி கல்யாணம்னு எழுத முடியாதே. அதுலயும் இன்னைக்கு அந்தப் பொண்ணுக்குப் பரீட்சை.

மைக்ல பேசினாளே, அந்தப் பொண்ணுதான். கோ-பைலட். வலது பக்கத்து சீட்டு. இன்னைக்கு ஓட்டறது, முடிவெடுக்கறது எல்லாம் அவதான். கேப்டன் பக்கத்துல உக்காந்து பாப்பாரு. பின்னாடி மடக்கு நாற்காலியில ஒரு பரிசோதகர் உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டே வருவாரு. தேறினா வேலை நிரந்தரம். இல்லேன்னா இல்ல. போன மாசம் ஒரு தடவை தவறிப்போச்சு. இது ரெண்டாவது. மூணாவதுன்னு ஒண்ணு கிடையாது சார்.

போன தடவையா? பெரிய தப்பு ஒண்ணுமில்ல. இறங்க வேண்டிய ஊர்ல கூட்டம், கொஞ்சம் காத்திருங்கன்னாங்க. எண்ணெய் அளவாத்தான் இருந்துச்சு. இன்னும் பத்து நிமிஷம் காத்திருக்கலாமா, வேற ஊருக்குத் திரும்பிடலாமான்னு அந்தப் பொண்ணு தடுமாறிட்டா. எண்ணெய் முள்ளு இறங்கிக்கிட்டே இருக்கறதைப் பாத்தா யாருக்குத்தான் கை ஓடும்? கேப்டன் வாங்கி ஓட்ட வேண்டியதாப் போச்சு. ஃபெயில். அன்னைக்கும் கணக்குப் போட்டது யாருங்கறீங்க? கால் கிலோவேதான். எதுக்குக் கூட, அளவு போதும்னு அன்னைக்கு இழுத்துப் பிடிச்சா. அது உறுத்திக்கிட்டே இருந்து, இந்தத் தடவை வாரி இறைச்சிட்டா. அன்னைக்குக் குறைச்சது தப்பு, இன்னைக்குக் கூட்டினது தப்பு. ரெண்டு தப்புக்கும் மாட்டிக்கிட்டு முழிக்கறது அந்தப் பொண்ணு.

உங்களுக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் இல்லையே? இல்லேல்ல? நல்லது. குரல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா? நடுங்கவே இல்ல. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. உங்களுக்கு?

ஐயோ, பயப்படாதீங்க! ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. தடதடன்னு அடியில ஆடுதே, அது சக்கரம். சக்கரத்தை இறக்கிட்டா! சார், சக்கரத்தை இறக்கிட்டா சார்! இன்னும் இவ்ளோ உயரத்துல இருக்கோம், இப்போவே இறக்கிட்டா! என் கையைப் பிடிச்சுக்குங்க, பரவால்ல, நல்லா பிடிச்சுக்குங்க. எனக்கும் தேவைதான்.

கெட்டிக்காரி. எனக்குத் தோணவே இல்ல பாருங்க. இங்க உக்காந்து காகிதத்துல பதினஞ்சு நிமிஷம், பன்னெண்டு நிமிஷம்னு கூட்டிக்கிட்டிருந்தேன். சக்கரம் வெளியில தொங்கினா காத்து பிடிச்சு இழுக்கும். இழுக்கற இழுப்புக்கு இஞ்சின் இன்னும் பலமா ஓடணும், எண்ணெய் ரெண்டு மடங்கு எரியும். பதினஞ்சு நிமிஷ வேலை எட்டு நிமிஷத்துல முடிஞ்சிடும். யாரும் சொல்லிக் குடுக்கல சார். பரிசோதகர் இருக்கும்போது கேப்டன் வாயைத் திறக்கக் கூடாது. அவளாவே யோசிச்சிருக்கா. அதிர்வு இருக்கும், ஆட்டம் இருக்கும், இருக்கட்டுமே. ஆடட்டும்.

இல்லையே, நான் எங்க அழறேன்? ஏசி சார். நேரா மூஞ்சியில அடிக்குது.

சரி, கண்டுபிடிச்சிட்டீங்க. கடியாரக்காரர்கிட்ட மறைக்க முடியுமா. நான்தான் கால் கிலோ. பக்கத்து டேபிளும் இல்ல, எதிர் டேபிளும் இல்ல. அந்தப் புத்தி கெட்டவ, முட்டாள், எல்லாம் நானேதான். திட்டினது திட்டினதுதான், ஒரு வார்த்தையையும் வாபஸ் வாங்கல.

இந்த ஃப்ளைட் என் கணக்கே இல்ல சார் இன்னைக்கு. எங்க ஆபீஸ்ல மீசைன்னு ஒருத்தர், அவரோடது. அவர் டீ குடிக்க எழுந்து போனார். அந்த அஞ்சு நிமிஷத்துல என் கம்ப்யூட்டருக்கு இழுத்துப் போட்டு, எண்ணூறைச் சேத்து அனுப்பிட்டேன். திருட்டு வேலைதான். கேப்டன் பாத்தாரு, கூட எண்ணெய் குடுத்தா எந்தக் கேப்டன் வேண்டாம்பாரு? கையெழுத்துப் போட்டுட்டாரு. நாளைக்குக் காலையில முதல் வேலையா என் கைப்பட எழுதிக் குடுத்துடுவேன், தப்பு என்னோடது, ஓட்டினவங்க மேல ஒண்ணும் இல்லேன்னு. அது நடக்கும்.

அத்தோட விட்டேனா? ஷிஃப்ட் முடிஞ்சதும் வீட்டுக்குப் போக வேண்டியவ, ஸ்டாஃப் டிக்கெட்டை எடுத்துக்கிட்டு ஓடி வந்து கடைசி ஆளா ஏறி உங்க பக்கத்துல உக்காந்துட்டேன். இருபத்தாறு வருஷத்துல, பாரமான ஃப்ளைட்ல ஓசி டிக்கெட்ல ஏறின ஸ்டாஃபை எத்தனை பேரை இறக்கிவிட்டிருக்கேன் தெரியுமா? ஒருத்தர் லீவுல சம்சாரத்தைப் பாக்கப் போறேன்னு கெஞ்சினாரு, அவரையே இறக்கினேன். இன்னைக்கு என்னை இறக்க ஆள் இல்ல. பொம்பளைக்கு எழுபத்தஞ்சு கிலோ கணக்கு. எழுபத்தஞ்சு கிலோ எரியறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு போடுங்க. ரெண்டு நிமிஷம். நாம தவற இருந்தோமே அதே ரெண்டு நிமிஷம். அதை இந்தக் காகிதத்துல எழுதும்போதே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. உங்ககிட்ட சொல்லலை. நீங்க ஏற்கெனவே கைப்பிடியைப் பிச்சிக்கிட்டிருந்தீங்க.

மூக்கு கீழே சாயுது, பாத்தீங்களா? கிளம்பிட்டோம். ரன்வேயைப் பாத்துப் போறோம். மணி? பத்து முப்பதா. வந்துடும். பேசாம இருப்போம் கொஞ்ச நேரம்.

என்னால பேசாம இருக்க முடியாது சார், மன்னிச்சுக்குங்க. காலையில அந்தப் பொண்ணு ஆபீஸுக்கு போன் பண்ணா. காகிதத்தைப் பாத்துட்டு. மேடம், எண்ணூறு கிலோ கூட இருக்கே, எதுக்குன்னு கேட்டா. நான் அடிக்கடி கேக்கற கேள்வி, என்கிட்டயே வருது. காத்து சரியில்ல, எதிர்க்காத்து பலமா இருக்குன்னேன். அப்படியா மேடம், நான் பாத்ததுல அப்படித் தெரியலியேன்னா. நான்தான் சொல்றேனே, வச்சுக்கங்கன்னுட்டேன். அப்புறம், சரிங்க மேடம்னு வச்சிட்டா. ஆபீஸ் போன்ல எல்லாம் பதிவாகும், அதனால மேடம். வீட்டுல அம்மான்னுதான் கூப்பிடுவா.

ஆமா சார். என் பொண்ணுதான்.

ஏன் முன்னாடியே சொல்லலேன்னா? சொல்லியிருந்தா நீங்க இப்படிப் பாத்திருப்பீங்க, இப்போ பாக்கறீங்களே, இதே மாதிரி. போன வாரமே கண்டிப்பாச் சொல்லிட்டா சார். அம்மா, அன்னைக்கு என் ஃப்ளைட் பக்கமே வராதே, கணக்கும் போடாதே, ஏர்போர்ட்டுக்கும் வராதேன்னு. சரின்னு தலையாட்டினேன். ஆபீஸ்ல கால் கிலோவா இருந்தாலும் வீட்டுல நான் அப்படி இல்ல. இவ ஒண்ணாவது படிக்கும்போது ஸ்கூல் பையில தண்ணி பாட்டில் ரெண்டு, குடை, மழைக்கோட்டு, மாத்து டிரெஸ், டார்ச் லைட் எல்லாம் வச்சு அனுப்புவேன். டார்ச் எதுக்கு, பகல்ல ஸ்கூல்னு கேக்காதீங்க. ஒருநாள் பஸ் படியில ஏறும்போது பையோட பாரத்துல அப்படியே மல்லாக்க விழுந்துட்டா. நான் போய்த் தூக்கினேன். அழவே இல்ல. அம்மா, நீ வைக்காதேம்மா, நானே வச்சுக்கறேன்னா. ஆறு வயசு. இருபத்திரண்டு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கா, எனக்குத்தான் காதுல ஏறல.

இருங்க. வீடெல்லாம் தெரியுது. வேலி. புல்லு. இப்போ. இப்போ...

அப்பா!

தடால்னுதான் வச்சா. கொஞ்சம் மெதுவா வச்சிருக்கலாம். இருந்தாலும் வச்சிட்டா சார்! மணி சொல்லுங்க. பத்து நாப்பத்தொண்ணா! பித்தளையையும் கைக்கடியாரத்தையும் ரெண்டையும் பாருங்க. ரெண்டும் அதான் சொல்லுதா? அப்போ சரி. எழுந்துக்காதீங்க, இன்னும் நிக்கல. பெல்ட் விளக்கு எரியுது. இருபது நிமிஷத்துக்கு முன்னாடி பயந்து நடுங்கினவர், இப்போ முதல் ஆளா ஓடப் பாக்கறீங்க.

நின்னாச்சு. போங்க சார், கிளம்புங்க. கோட்டை ஒரு பக்கமாத் தொங்க விடாதீங்க, கடியாரம் கீழே விழுந்துடப் போகுது. தம்பியைக் கேட்டதாச் சொல்லுங்க. நான் வரலை, கடைசியா இறங்கறேன். அவ வெளியில வந்து எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டுப் போகட்டும், அப்புறம் மெதுவா போவேன். நான் இதுல வந்தேன்னே அவளுக்குத் தெரிய வேண்டாம். நீங்களும் வாசல்ல எதையாவது உளறி வச்சிடாதீங்க.

நேராப் போய் அவகிட்ட சொல்லிடணுமா? நீங்க சொல்றீங்க! மூணு மாசம் சொந்தத் தம்பிகிட்ட பேசாம இருந்த மனுஷன்... சரி, ஆனா முந்தாநாள் நீங்க டிக்கெட் எடுத்துட்டீங்க. ஒத்துக்கறேன்.

சார், சார், ஒரு நிமிஷம். கொஞ்சம் தள்ளுங்க. பைலட் ரூம் கதவு திறந்துடுச்சு. அந்த வெள்ளை முடிக்காரர்தான் பரிசோதகர். அவளுக்குக் கை குடுக்கறார். சிரிக்கறார் சார். இன்னொரு தடவை குலுக்கறார். ஃபெயிலுக்கு யாரும் ரெண்டு தடவை கை குடுக்க மாட்டாங்க, இல்ல? சொல்லுங்க. மாட்டாங்கல்ல?

ஐயோ, நான் எதுக்கு எழுந்து நின்னேன். பாத்துட்டா.

வரா சார். கூட்டத்தைத் தள்ளிக்கிட்டு இங்கதான் வரா. மூஞ்சியைப் பாத்தா ஒண்ணும் பிடிபடல. என்ன கேப்பான்னு மட்டும் எனக்குத் தெரியும், மேடம்னு கூப்பிட்டுக் கேட்டதையேதான் அம்மான்னு கூப்பிட்டுக் கேப்பா. இனிமே காத்து மேல பழியைப் போட முடியாது. காத்து காலையிலேர்ந்து நல்லாத்தான் இருந்துச்சு சார். எனக்குத்தான் பயமா இருந்துச்சு.